தன்னாட்சியில் 'தான்' யார்?

வரலாற்றுக் கட்டுரை எழுதுதல் என்பது பழைய செய்திகளைத் திரட்டிக் கால வரிசையில் அடுக்கும் தொழிலாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. திகதிகள் பிழையின்றி அமைந்து, சட்டங்களின் பெயர்கள் முறையாகக் குறிக்கப்பட்டு, காரணமும் விளைவும் தனித்தனியே வகுக்கப்பட்டுவிட்டால் கட்டுரை நிறைவு பெற்றதெனக் கொள்ளப்படும். ஆயினும் சில பொருள்கள் இவ்வளவில் அடங்குவனவல்ல. ஆங்கிலேயர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் இலங்கைக்குக் கிடைத்த தன்னாட்சியும் அது விட்டுச் சென்ற முதுசமும் அத்தகையதொரு பொருளாகும். அதனை எழுதப் புகும் மாணவன் எந்த இடத்தில் நின்று எழுதுகின்றான் என்பதைப் பொறுத்து, அதே திகதிகளும் அதே சட்டங்களும் வேறு வேறு பொருள் தரும். கொழும்பில் நின்று நோக்குபவனுக்கு 1931ஆம் ஆண்டு ஒரு வாயில் திறந்த ஆண்டு. நோட்டன் பிரிட்ஜில் நின்று நோக்குபவனுக்கு அவ்வாயிலில் ஒரு காவலாளி நிறுத்தப்பட்ட ஆண்டும் அதுவே. இவ்விரு காட்சிகளுள் எது உண்மை என்று கேட்பது வரலாற்று வினா. இரண்டும் உண்மையாயின் அவற்றை எவ்வாறு ஒருங்கே மதிப்பிடுவது என்று கேட்பது அறவியல் வினா. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது பின்னையதையே.

நோட்டன் பிரிட்ஜ் இவ்வினாவை எழுப்புதற்குப் பொருத்தமானதோர் இடமாகும். ஹட்டனிலிருந்து மலைச்சரிவு வழியே இறங்கிச் செல்லும் பாதையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, கெசல்கமு ஓயாவை மறித்துக் கட்டப்பட்ட நீர்த்தேக்கம் அங்குள்ளது. லக்சபான நீர்மின் திட்டத்தின் முதற் கட்டம் 1950ஆம் ஆண்டு நிறைவெய்தியபோது அந்நீரே அதனை இயக்கிற்று. இத்திட்டத்தைக் கனவு கண்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. இலங்கையின் நீர்வளத்தைக் கொண்டு மின்சாரம் பெறுதல் பற்றி 1918ஆம் ஆண்டிலேயே அவர் ஆய்வுரை ஒன்றைச் சமர்ப்பித்தார். அரசாங்கத் திணைக்களங்களில் அவருடைய யோசனை ஆண்டுக் கணக்கில் உறங்கிக் கிடந்தது. 1931இல் இரத்தினபுரித் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபைக்குத் தெரிவாகிய அவர், அங்கிருந்தும் அதற்காக வாதாடினார். 1965ஆம் ஆண்டு நோட்டன் பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய மின்நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. உள்நாட்டவர் கையில் ஓரளவு அதிகாரம் வந்தமையால் விளைந்த நன்மைக்கு இதனைவிடக் கண்கூடான சான்று தேடுதல் அரிது.

எனினும் அச்சான்றின் மறுபக்கமும் அதே இடத்திலேயே உண்டு. அம்மலைகளிலிருந்து புறப்பட்ட மின்கம்பிகள் தோட்ட லயங்களின் கூரைகளுக்கு மேலாகச் சென்று கொழும்பின் தெருக்களுக்கு ஒளி கொடுத்தன. கூரைகளின் கீழே பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. இதனை ஒருவருடைய தீய எண்ணத்தின் விளைவென்று கூறிவிட இயலாது. விமலசுரேந்திர அம்மக்களுக்கு எதிராக எதையும் செய்தவரல்லர். ஆனால் நன்மை ஒன்று திட்டமிடப்படும்போது அதன் பயனாளர் யாரென்று கணக்கிடுபவர் முன்னால் ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கின்றது. அப்பட்டியலில் இல்லாதவர் மீது யாரும் வெறுப்புக் கொள்ளாமலே அவர் விடுபட்டுப் போகின்றார். ஆகவே, அந்தப் பட்டியல் எவ்வாறு தயாராகியது என்பதே ஆராயத்தக்கது.

1931க்கு முன்னர் இருந்த சட்டநிரூபண சபையைத் தெரிவு செய்யும் உரிமை நாட்டு மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேருக்கே இருந்தது. கல்வியும் சொத்தும் உடைய ஆண்களே அவ்வாக்காளர். 1927ஆம் ஆண்டு இறுதியில் இலங்கை வந்த டொனமூர் ஆணைக்குழு, 1928இல் வெளியிட்ட அறிக்கையில் இந்நிலையை அடியோடு மாற்றுமாறு விதந்துரைத்தது. எழுத்தறிவையோ சொத்தையோ வாக்குரிமைக்கு அளவுகோலாகக் கொள்ளலாகாது என்பதும், ஐந்து ஆண்டு வதிவிடம் போதுமானது என்பதும் அதன் கருத்தாயிருந்தன. இவற்றின் பயனாக, 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாரும் வாக்களிக்கும் சர்வசன வாக்குரிமை 1931இல் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவிற் பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமையைப் பெற்றது 1928இலேயே என்பதை நினைவிற் கொண்டால் இம்மாற்றத்தின் அளவு புலனாகும். தெரிவு செய்யப்பட்ட 50 பேர், நியமிக்கப்பட்ட 8 பேர், அரச அலுவலர் மூவர் ஆகியோரைக் கொண்ட அரசாங்க சபை அமைந்தது. ஏழு நிர்வாகக் குழுக்களின் தலைவர்கள் அமைச்சராயினர். ஹட்டன் தொகுதியின் உறுப்பினராகிய பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகப் பதவியேற்றார். தோட்ட மக்களின் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் நாட்டின் முதல் தொழில் அமைச்சரானமை சிறிய செய்தியன்று.

இவ்வரலாற்றைப் பற்றி வழக்கமாகக் கூறப்படும் தீர்ப்புகள் இரண்டு. ஆங்கிலேயர் ஜனநாயகத்தை இந்நாட்டுக்குக் கொடையாக வழங்கினர் என்பது ஒன்று. பாதுகாப்பு, நிதி, நீதி முதலிய முக்கிய அதிகாரங்களைத் தம்மிடம் வைத்துக்கொண்டு நிழலைத் தந்து நிசத்தை மறைத்தனர் என்பது மற்றையது. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்து, வடக்கின் நான்கு தொகுதிகள் 1934 வரை வெறுமையாகக் கிடக்கச் செய்தது இவ்விரண்டாவது நோக்கின் அடிப்படையிலேயாகும். இவை ஒன்றுக்கொன்று எதிரானவைபோல் தோன்றினும் ஒரு குறை இரண்டுக்கும் பொதுவானது. இரண்டிலும் செயல் புரிபவர் ஆங்கிலேயர் ஒருவரே. ஒரு தீர்ப்பில் அவர் கொடையாளி, மற்றதில் வஞ்சகர். இந்நாட்டவரோ பெறுபவர் அல்லது ஏமாறுபவர் மட்டுமே. கொடுத்தவன் அளவைப் பற்றிப் பேசிக் கொண்டிருக்கும்வரை, பெற்றவன் அதனைப் பங்கிட்ட முறை பற்றிய கேள்வி எழுவதேயில்லை. அரசியல் அறத்தின் சிக்கல் அந்தப் பங்கீட்டிலேயே தொடங்குகின்றது.

தன்னாட்சி என்ற சொல்லை உற்று நோக்குதல் இங்குப் பயன்தரும். 'ஆட்சி' பற்றிய விவாதங்களே ஏடுகளை நிரப்பியுள்ளன. 'தன்' என்பது பற்றிய விவாதம் சிறிது நேரத்தில் முடிந்துவிட்டது. ஒரு மக்கட் கூட்டம் தன்னைத்தான் ஆளவேண்டுமாயின் அக்கூட்டத்தில் அடங்குவோர் யாவர் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதனை வாக்கெடுப்பால் தீர்மானிக்கலாமா? வாக்களிக்கத் தகுதியுடையோர் யார் என்பதை வாக்களித்துத் தீர்மானிப்பதற்கு முன்னரே வாக்காளர் சிலர் இருந்தாக வேண்டும். அச்சிலரை யார் தெரிந்தது? இது தர்க்க நூலார் விளையாட்டாகக் கேட்கும் புதிர் போலத் தோன்றலாம். ஆனால் 1929 டிசம்பரில் இப்புதிர் மெய்யாகவே நிகழ்ந்தது. டொனமூர் திட்டம் நூற்றுக்கு 4 பேரின் வாக்கால் அமைந்த சட்டநிரூபண சபையின் முன் வைக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையாக வாக்காளராவதைப் பல உறுப்பினர் வன்மையாக ஆட்சேபித்தனர். அவ்வாட்சேபங்களைத் தணிக்குமுகமாகத் தேசாதிபதி ஸ்டான்லி வாக்குரிமைக்குப் புதிய நிபந்தனைகளை வகுத்தார். அதன் பின்னரே 19க்கு 17 என்ற வாக்குகளால் திட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இரண்டு வாக்கு வித்தியாசத்தில் ஒரு நாட்டின் 'தான்' வரையறுக்கப்பட்டது. அவ்வரையறையால் பாதிக்கப்பட்ட மக்கள் அப்போது ஏறத்தாழ ஏழு இலட்சம்.

நிபந்தனைகள் மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து நியாயமானவையாகவே தோன்றும். இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்டிருத்தல், அல்லது எழுத்தறிவோடு சொத்தோ வருமானமோ உடைமை, அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெற்றிருத்தல் என்பனவே அவை. ஆனால் நிரூபிக்கும் சுமை யார் தோளில் வைக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. கிராமத்தவர் ஒருவரைப் பார்த்து, நீர் இந்நாட்டவர் என்பதற்குச் சான்று என்னவென்று எவரும் கேட்கவில்லை. கொழுந்து பறிக்கும் பெண் அதைக் காட்ட வேண்டியிருந்தது. அவளுடைய பிறப்பும் வேலையும் குடியிருப்பும் தோட்டக் காரியாலயத்தின் பதிவேட்டிலேயே இருந்தன. அவள் வாழ்ந்த லயக் காம்பிராவும் அவளுடையதன்று. வெளியார் தோட்டத்தினுள் நுழைவதற்கே துரையின் அனுமதி தேவைப்பட்ட காலம் அது. எவருடைய பிடியிலிருந்து விடுபடுவதற்கு வாக்கு வேண்டியிருந்ததோ, அவருடைய ஏட்டையே வாக்குக்குச் சான்றாகக் கொணருமாறு அவள் பணிக்கப்பட்டாள். உரிமைக்கும் அனுமதிக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் வெளிப்படுகின்றது. உரிமையை மறுப்பவனே காரணம் காட்ட வேண்டும். அனுமதியைக் கேட்பவனே காரணம் காட்ட வேண்டும். 1931இல் ஒரே சட்டம் ஒரு சாராருக்கு உரிமையையும் மறு சாராருக்கு அனுமதியையும் வழங்கிற்று. அத்தடைகளையும் மீறி முதற் தேர்தலில் சுமார் 100,000 இந்திய வம்சாவளியினர் வாக்காளராகப் பதிவு பெற்றனர். 1939 அளவில் அத்தொகை ஏறத்தாழ 225,000ஆக உயர்ந்தது. அதன்பின் பதிவு விதிகள் இறுக்கப்படவே அது குறைந்தது. உரிமையாயிருந்தால் கூடிய தொகை இவ்வாறு குறைந்திராது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். இன்றைய நியாயத்தைக் கொண்டு அன்றைய மனிதரை அளத்தல் முறையன்று என்பர். இத்தடை மதிக்கத்தக்கதே. ஆயினும் இவ்விடயத்தில் அது பொருந்துவதாயில்லை. வாக்குரிமைக்குச் சொத்தும் எழுத்தறிவும் அளவுகோலாகா என்ற கருத்து இன்று கண்டுபிடிக்கப்பட்டதன்று. அன்றே அச்சிடப்பட்ட ஆணைக்குழு அறிக்கையில் அது உள்ளது. இந்தியத் தமிழர் சார்பில் சட்டநிரூபண சபையில் அமர்ந்திருந்த கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரின் நிலையை அச்சபையிலும் தமது பத்திரிகைகளிலும் எடுத்துரைத்துக் கொண்டிருந்தார். 1931இல் ஹட்டனை மையமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய அவர், 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்தே அரசாங்க சபைக்குச் சென்றார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களில் இத்துயரத்தைப் பாட்டாகக் கட்டிப் பாடினார். ஆகவே அளவுகோல் அன்றே இருந்தது. அது கேட்கப்பட்டும் இருந்தது. அறியாமையால் விளைந்த தவறுக்கும் அறிந்தும் ஒதுக்கிய தவறுக்கும் வேறுபாடு உண்டு.

எதிர்த்தோர் அனைவரையும் கொடியவராகச் சித்திரித்தலும் நேர்மையாகாது. கண்டிப் பகுதிச் சிங்களக் குடியானவர்களின் அச்சத்தில் உண்மை இருந்தது. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின்னர் அவர்களுடைய காடுகளும் சேனை நிலங்களும் முதலிற் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் இரையாயின. நிலத்தை இழந்தோம், இனித் தேர்தற் பலத்தையும் இழப்போமா என்று அவர்கள் கேட்டது இயல்பே. ஆனால் நிலத்தை எடுத்தவன் முதலாளி. அந்நிலத்திற் கூலிக்கு உழைத்தவன் இன்னொரு நிலத்தை இழந்து வந்தவன். மெய்யான மனக்குறை ஒன்று பிழையான முகவரிக்கு அனுப்பப்பட்டது. அம்முகவரியை எழுதிக் கொடுத்த தலைவர்களுக்கு இவ்வேறுபாடு தெரியாததன்று. தமிழ்த் தலைமையும் இக்குற்றச்சாட்டுக்குப் புறம்பானதன்று. சேர். பொன்னம்பலம் இராமநாதன் சர்வசன வாக்குரிமையையே எதிர்த்தவர். உயர்ந்தோர் கையில் இருப்பதே ஆட்சிக்குப் பாதுகாப்பு என்ற எண்ணம் அன்று மொழி எல்லைகளைக் கடந்து நிலவிற்று. தமிழ்ச் சங்கங்களின் மேடைகளிற் பிறர் பிழையைப் பேசுவது எளிது. தன்னவர் பிழையையும் அதே குரலிற் பேசும்போதே வரலாறு அறத்தோடு இணைகின்றது.

இனி, 1931இன் கட்டுப்பாடுகள்தாம் 1948இன் பறிப்புக்குக் காரணமாயினவா என்பது ஆராயற்பாலது. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்திருத்தல் போதாது, தந்தையோ அன்றிப் பாட்டனும் முப்பாட்டனுமோ இங்குப் பிறந்தமையை நிறுவ வேண்டும் என விதித்தது. 1949ஆம் ஆண்டுத் தேர்தற் திருத்தச் சட்டம் பிரஜைகள் அல்லாதாரின் வாக்கைப் பறித்தது. 1947இல் சௌமியமூர்த்தி தொண்டமான், சி. வி. வேலுப்பிள்ளை முதலியோரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் 1952இல் ஒருவரையும் அனுப்ப இயலாதவராயினர். நுவரெலியா மஸ்கெலியா தொகுதியிலிருந்து 1977இல் தொண்டமான் தெரிவாகும் வரை, தேர்தல் மூலம் தம்மவர் ஒருவரைக் காணும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. சான்று காட்டும் சுமையை உழைப்பவன் மீது வைக்கும் வழக்கம் 1931இல் தொடங்கி 1948இல் முற்றியது எனலாம். ஆயினும் விதை இருந்தமையால் மரம் தானே வளர்ந்தது என்று கூறுதல் பொருந்தாது. நீர் வார்த்தவர் உண்டு.

இதற்கு அரசாங்க சபையின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. தேயிலைத் தொழில் பயில வந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளை இளைஞன் தொழிலாளர் பக்கம் சேர்ந்து பேசியமைக்காக, 1937இல் தேசாதிபதி ஸ்டப்ஸ் அவனை நாடு கடத்த ஆணையிட்டார். அரசாங்க சபை 34க்கு 7 என்ற வாக்குகளால் அதனைக் கண்டித்தது. உயர் நீதிமன்றம் அவ்வாணை செல்லாதெனத் தீர்த்தது. இந்நாட்டில் ஓராண்டளவே வாழ்ந்த ஒருவனின் சுதந்திரத்துக்காக அச்சபை தேசாதிபதியையே எதிர்த்து நின்றது. அது பெருமைக்குரிய செயல். ஆனால் அதே பத்தாண்டின் பிற்பகுதியில், அதே சபை கிராமச் சபைகளுக்கு வாக்களிப்போரிலிருந்து தோட்டத்தில் வதியும் தொழிலாளரை விலக்கிய சட்டத் திருத்தத்தையும் நிறைவேற்றியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானான். நியாயத்தை அறியும் ஆற்றல் அச்சபைக்கு இருந்தது என்பதற்குப் பிரேஸ்கேர்டில் விவகாரம் சான்று. ஆற்றல் இருந்தமையாலேயே பொறுப்பும் இருந்தது. அரசியற் திட்டம் வழிகளைக் குறுக்கலாம். குறுகிய வழியிலும் எத்திசையில் நடப்பது என்பது நடப்பவனின் தெரிவே. முதுசத்தைக் காரணம் காட்டிப் பொறுப்பைத் தட்டிக் கழித்தல், கடன்காரன் தன் தகப்பன் பெயரைச் சொல்லித் தப்புவதற்கு ஒப்பாகும்.

முதுசம் என்ற சொல்லின் பொருளும் இவ்விடத்திற் தெளிவு பெறுகின்றது. தகப்பன் விட்டுச் சென்ற வயலை ஏற்பவன் அவ்வயலின் மீதுள்ள ஈட்டையும் ஏற்றாக வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் அரசாங்க சபையின் வழித்தோன்றல்களே. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலான கல்வி நிர்வாகக் குழுவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அக்காலத்து அரச வருவாயிற் பெரும் பங்கு தேயிலையை அடிப்படையாகக் கொண்டிருந்தது. கொழுந்து பறித்தவளின் உழைப்பால் நாட்டின் பிள்ளைகள் இலவசமாகப் படித்தனர். அவளுடைய பிள்ளைகளோ தோட்டப் பாடசாலையின் ஒற்றை அறையிலே நீண்ட காலம் தேங்கி நின்றனர். அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1970களிலேயே வேகம் பெற்றது. வயலை ஏற்றுக்கொண்ட கல்விச் சமூகம் ஈட்டைப் பற்றி எவ்வளவு பேசியுள்ளது என்பது தன்னைத்தானே கேட்க வேண்டிய கேள்வியாகும்.

ஈடு இன்னும் முற்றாகத் தீர்ந்ததாகவும் கூறுதற்கில்லை. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மனிதரை 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, 150,000 பின்னர் தீர்மானிப்பதற்கு எனப் பகுத்தது. 1974இல் அம்மிகுதி சரி பாதியாக்கப்பட்டது. அம்மனிதரிடம் எவரும் கேட்கவில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றவர் என்ற நிலையை நீக்கின. எனினும் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகளின் நிதி சென்று சேர்வதைத் தடுத்து வந்தது. வாக்குக் கொடுத்தவனின் வாசலுக்கு முன்னே, தோட்டத்தின் எல்லையிலேயே, சபையின் பாதை நின்றுவிடும். கிராமச் சபைக் காலத்து எல்லைக்கோடு ஐம்பது ஆண்டுகளின் பின்னரும் அழியாதிருந்தமையை இது காட்டுகின்றது. அப்பிரிவு திருத்தப்பட்டது 2018ஆம் ஆண்டிலேயே. குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி இல்லாத குடும்பங்கள் தோட்டங்களில் இன்றும் பல.

எனவே, தொடக்கத் தன்னாட்சியைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவன் எதைச் செய்தல் தகும்? அதனைப் போற்றுவதா தூற்றுவதா என்ற வழக்கில் அவன் நியாயவாதியாக வேண்டியதில்லை. கொடுத்ததைக் கொடுத்ததென்றும், மறுத்ததை மறுத்ததென்றும், யார் மறுத்தார் என்பதையும் ஒருங்கே கூறும் சாட்சியாக இருந்தாற் போதும். சபை நடவடிக்கைக் குறிப்புகளையும் தேசாதிபதியின் கடிதங்களையும் அவன் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அவை பேசத் தெரிந்தவர்களின் ஏடுகள் என்பதை மறத்தலாகாது. தோட்டப் பதிவேட்டின் ஒரு வரியும், கூட்டத்திற் பாடப்பட்ட ஒரு பாட்டும், முதியவர் ஒருவரின் நினைவும் அவற்றோடு சமமாக எடைபோடப்படத் தக்கவை. ஒரு தன்னாட்சியின் தரத்தை அதனுள்ளே அமர்ந்திருந்தோரின் நாவன்மையைக் கொண்டு அளத்தல் வழக்கம். வாயிலுக்கு வெளியே நின்றவரிடம் அது எதைக் கேட்டது, எதைக் கொடுத்தது என்பதைக் கொண்டு அளப்பதே நியாயமான அளவை.

'தான்' யார் என்ற கேள்விக்கு ஒரு முறை விடை கூறி முடித்துவிட இயலாது. ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு விடை கூறுகின்றது. சட்டத்தால் கூறாவிடின் மௌனத்தால் கூறுகின்றது. நோட்டன் பிரிட்ஜின் நீர் இன்றும் மின்சாரமாகிக் கொண்டிருக்கின்றது. அவ்வெளிச்சத்தில் அமர்ந்து இந்நாட்டு வரலாற்றை எழுதுபவன், வெளிச்சம் வந்த வழியை விசாரித்தல் கடமையாகும்.